எட்டு மணிக்கு மாறும் தேதி

13-12-2011 — 0.6
17-04-2012 — 2
02-10-2012 — 1
12-03-2013 — 60
08-05-2013 — 4

இவை என் மருமகளின் கணக்கு. முதல் எண் ஒரு ரத்தப் பரிசோதனையில் வந்தது. சினைப்பையில் கருமுட்டை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தோராயமாகச் சொல்லும் அளவு அது. அவள் வயதுக்கு ஒன்றுக்கு மேல் இருந்தால் தேவலை என்றார் டாக்டர். அடுத்த இரண்டும் இரண்டு முறை ஐவிஎஃப் சிகிச்சையில் எடுத்த முட்டைகளின் எண்ணிக்கை. முதல் தடவை இரண்டு முட்டை எடுத்தும் கரு உருவாகவில்லை. இரண்டாம் தடவை ஒரே முட்டை, அதிலிருந்து ஒரு கரு. அதைக் கருப்பையில் வைத்தார்கள், தங்கவில்லை. அறுபது என்பது அவளுக்குக் கொடுத்த ஜெல் பாக்கெட்டுகள். நான்கு, அவற்றில் அவள் திருப்பிக் கொடுத்தவை. அந்தக் கடைசித் தேதியில்தான் எல்லாம் கெட்டுப்போகப் பார்த்தது. கெடுக்கப் பார்த்தவன் நான்.

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பழகுபவர் பக்கம் ஒரு பிரேக், அவள் பக்கம் ஒரு பிரேக் என்று இரண்டு பிரேக் உள்ள கார் அவளுடையது. மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘ரெண்டாம் பிரேக்’. பதினான்கு வருடத்தில் அவளிடம் பழகி லைசென்ஸ் வாங்கியவர்கள் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர். கார் இரண்டு முறை மட்டும் இடிபட்டிருக்கிறது. அதில் ஒன்று நின்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்த பால் வண்டி மோதியது. ஆகவே அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

தொழில் அவள் காலில் ஏறிவிட்டது. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும், திரையில் யாராவது வேகமாக நடந்தால் அவள் வலது கால் தரையை அழுத்தும். சாப்பாட்டு மேஜையில் என் மனைவி குழம்புப் பாத்திரத்தைச் சாய்க்கும்போது, மேஜைக்கு அடியில் ஒரு பிரேக் விழும்.

என் மகனும் அவளிடம் பழகப் போனவன்தான். அவன் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறான். மெழுகில் பல் செதுக்கும் பொறுமை உண்டு, ஸ்டியரிங் பிடிக்கும் தைரியம் இல்லை. மூன்று தடவை டெஸ்டில் தோற்றான். நான்காவது தடவைக்குப் பணம் கட்ட வந்தவனிடம், இனி உங்களை ஏமாற்றிப் பணம் வாங்க மனசு வரவில்லை, நீங்கள் காருக்கு லாயக்கில்லை என்று சொல்லியிருக்கிறாள். காருக்கு இல்லை, கல்யாணத்துக்கு எப்படி என்று அவன் கேட்டானாம். வாழ்நாளில் அவன் சொன்ன ஒரே துணிச்சலான வாக்கியம் அது. கல்யாணத்தின்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. இன்று வரை அவன் கார் ஓட்டுவதில்லை.

இரண்டு சிகிச்சைகள் முடிந்தபோது அவளுக்கு வயது முப்பத்தொன்பதை நெருங்கியது, வீட்டில் சேமிப்பு தரையைத் தொட்டது. டாக்டர், வேறொரு பெண்ணின் முட்டையை யோசிக்கலாம் என்றார். அவர் பக்குவமாகத்தான் சொன்னார். இவள் பக்குவமாகக் கேட்கவில்லை. என்னுடையது முழுசாகத் தீர்ந்துவிட்டதா என்று மட்டும் கேட்டிருக்கிறாள். தீரவில்லை, இருப்பு குறைவு என்றிருக்கிறார் அவர்.

இருப்பு என்ற சொல் எனக்குப் புதிதல்ல. நான் முப்பத்தெட்டு வருடம் குடிநீர் வாரியத்தில் நீர்த்தேக்கத்தின் இருப்பையும் மழையளவையும் எழுதியவன். இருப்பு குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல, பார்த்துத் திறக்க வேண்டும் என்று பொருள். இதை மருமகளிடம் சொன்னேன். மாமா, என்னை அணைக்கட்டு ஆக்கிட்டீங்களா என்றாள். ஆனால் அன்று சிரித்தாள்.

அப்போதுதான் டாக்டர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். முட்டை இருப்பு குறைந்த பெண்களுக்குச் சிகிச்சைக்கு முன் சில வாரம் ஆண் ஹார்மோனைச் சிறிதளவு கொடுத்தால் முட்டைகள் கொஞ்சம் கூடுதலாக வளருமா என்று பார்க்கும் ஆய்வு. அந்த ஹார்மோன் பெண் உடம்பிலும் கொஞ்சம் இருப்பதுதான், முட்டை வளரும் பைகளுக்கு அது தேவைப்படுகிறது என்று விளக்கினார். சிலர் பலன் இருக்கிறது என்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள், எனக்கும் தெரியாது, தெரிந்தால் ஆய்வு எதற்கு என்றார். பாதிப் பேருக்கு மருந்து உள்ள ஜெல். மீதிப் பேருக்கு வெறும் ஜெல். பார்வைக்கும் வாசனைக்கும் வித்தியாசம் தெரியாது. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கும். டாக்டருக்கும் சொல்லாது. எல்லோருடைய சிகிச்சையும் முடிந்த பிறகு, வருடங்கள் கழித்து, கடிதம் வரும்.

எதுவானாலும் ஜெல் முடிந்ததும் ஒரு முழுச் சிகிச்சை ஆய்வின் செலவில் நடக்கும். எங்களுக்கு அது பெரிய விஷயம். சொந்தச் செலவில் மூன்றாவது தடவைக்கு வழியே இல்லை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஹார்மோன் விஷயத்தை வீட்டில் சொன்னபோது என் மனைவி எங்கள் இருவரையும், அதாவது என்னையும் மகனையும், மேலும் கீழும் பார்த்தாள்.

“ஆம்பளை ஹார்மோனா? தேய்க்கட்டும். இந்த வீட்ல ஒரு ஆம்பளையாவது இருந்தா நல்லதுதான்.”

12-03-2013 அன்று பகல் பதினொன்றரைக்கு அறுபது பாக்கெட்டும் ஒரு பச்சை அட்டை டைரியும் கொடுத்தார்கள். மறுநாள் காலையிலிருந்து ஐம்பத்தாறு நாள், தினம் ஒரு பாக்கெட்டைத் தொடையில் தேய்க்க வேண்டும். காயும் வரை யார் மேலும் படக்கூடாது. கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தேய்த்த தேதியையும் நேரத்தையும் டைரியில் எழுத வேண்டும்.

தேய்ப்பது அவளுக்கு எளிது. எழுதுவதுதான் ஆகாது. ஸ்கூலில் மாணவர் வருகைப் பதிவையே மாதக் கடைசியில் ஒரே மூச்சில் நிரப்புகிறவள். அதனால் டைரியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். யாராவது உதவி செய்து எழுதலாம், வாராவாரம் அவள் கையெழுத்து இருந்தால் போதும் என்று டைரியின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அவளுக்கு முதல் வகுப்பு ஏழு மணிக்கு. ஆறு இருபதுக்கு அறையிலிருந்து, மாமா, போட்டாச்சு என்று குரல் வரும். நேரத்தை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்வேன். எட்டு மணிக்கு, ஓய்வுபெற்ற பிறகும் மாடியில் வைத்திருக்கும் என் மழைமானியைப் பார்த்துவிட்டு வந்து, மழைக் குறிப்பேட்டையும் பச்சை டைரியையும் ஒன்றாக எழுதுவேன்.

அந்த எட்டு வாரம் எங்கள் வீடு ஓர் ஆராய்ச்சிக்கூடமாக இருந்தது. பத்தாம் நாள் அவள் தாடையில் ஒரு முடி தென்பட்டது. என் மனைவி பூதக்கண்ணாடியோடு வந்து, வேலை செய்கிறது என்று அறிவித்தாள். முடியைப் பிடுங்க விடவில்லை, சாட்சி என்றாள். இரண்டாம் வாரம் மருமகளின் பசி கூடியது. மூன்றாம் வாரம், சிவப்பு விளக்கில் போனில் பேசிய ஒரு வங்கி மேலாளரை அவள் காரிலிருந்து இறக்கிவிட்டு, நடந்து பழகிவிட்டு அப்புறம் வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். குரல் ஒரு சுருதி இறங்கியிருக்கிறது என்றார்கள் ஸ்கூலில். துணிக்கொடியில் அவள் துண்டுக்குப் பக்கத்தில் என் மனைவி தன் புடவையைப் போடுவதை நிறுத்தினாள். இந்த வயதில் எனக்கு மீசை வேண்டாம் என்றாள்.

அதிக லாபம் என் மகனுக்குத்தான். முன்பெல்லாம் அவள் கத்தினால் பல் கூடத்துக்குப் போய்விடுவான். இப்போது அசையாமல் நின்று, பேசுறது நீ இல்ல, ஜெல் பேசுது என்பான். அவள் இன்னும் கத்துவாள். பார்த்தியா, டோஸ் ஏறுது என்பான். எட்டு வாரத்தில் ஒரு சண்டையில்கூட அவன் தோற்கவில்லை.

இடையில் 09-04-2013 அன்று ஒரு ரத்தப் பரிசோதனை. அன்று மட்டும் ரத்தம் எடுத்த பிறகுதான் தேய்க்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்தரைக்குத் தேய்த்தாள். அதையும் குறித்தேன்.

மே எட்டாம் தேதி, மிச்சம் நான்கு பாக்கெட்டையும் டைரியையும் ஒப்படைக்கப் போனோம். ஆய்வுப் பதிவுகளைப் பார்க்கும் நர்ஸ் ஒருத்தி உண்டு. நாற்பது வயது இருக்கும். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, கையில் நுனி சீவிய பென்சில். பார்த்ததும் என் இனம் என்று தெரிந்துகொண்டேன். அவள் டைரியை ஒரு தடவை புரட்டினாள். மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். பிறகு வெளியே உட்கார்ந்திருந்த என்னை உள்ளே கூப்பிட்டாள்.

“ஐயா, இது உங்க எழுத்துதானே? ஜெல் நான் கையில கொடுத்தது மார்ச் பன்னிரண்டு, பதினொன்றரை மணிக்கு. அன்னிக்குக் காலைல ஆறு இருபதுக்கே தேய்ச்சதா எழுதியிருக்கீங்க. கொடுக்காத மருந்தை எப்படித் தேய்ச்சாங்க?”

அதோடு முடியவில்லை. ஏப்ரல் எட்டாம் தேதி காலியாக இருந்தது. ஒன்பதாம் தேதியில் இரண்டு முறை தேய்த்ததாக இருந்தது. மே ஏழு மறுபடி காலி. உட்கார்ந்த இடத்தில் மொத்தமாக எழுதினால்தான் இப்படி ஆகும் என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. பாக்கெட் கணக்கு சரியாக இருப்பதால் மட்டும் போதாது, தேதிகளை நம்ப முடியாவிட்டால் இவர்களை ஆய்வில் வைத்திருப்பதா என்று தலைமை அலுவலகம்தான் முடிவு செய்யும், அதுவரை ஊசி தொடங்க முடியாது என்றாள்.

நான் அப்போது செய்திருக்க வேண்டியது, டைரியை வாங்கிப் பார்ப்பது. செய்தது, முப்பத்தெட்டு வருடத்தில் என் பதிவில் ஒரு பிழை வந்ததில்லை என்று சற்று உரக்கச் சொன்னது. நர்ஸ் பென்சிலைக் கீழே வைத்தாள். மருமகள் என்னைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது காரை அவள் ஓட்டினாள். எதிரே வருபவனுக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டே ஓட்டுகிறவள், அன்று யாருக்கும் வைக்கவில்லை. மூன்று சிக்னல் தாண்டியது. நான்காவதில் நின்றபோது, பாதையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“மாமா, நான் கடைசியாத் தேய்ச்சது நேத்துக் காலைல. நேத்து என்ன தேதி?”

“ஏழு.”

“நீங்க என்ன எழுதினீங்க?”

“ஆறு.”

“ஏன்?”

“எட்டு மணிக்கு முன்னாடி தானேம்மா.”

சொல்லி முடித்ததும் என் காதிலேயே அது விழுந்தது. மழைக்கு ஒரு விதி உண்டு. காலை எட்டு மணிக்கு மானியில் நிற்கும் நீர், அதற்கு முந்தைய இருபத்து நான்கு மணி நேரத்துக்கு உரியது. அதனால் எங்கள் வாரியத்தில் அதை முந்தைய நாள் தேதியில்தான் எழுதுவோம். விடியற்காலை ஐந்துக்குக் கொட்டினாலும் அது நேற்றைய மழை. எட்டு அடித்த பிறகுதான் எனக்குத் தேதி மாறும். ஆறு இருபதுக்குத் தேய்த்ததையெல்லாம் நேற்றில் எழுதினேன். ரத்தம் எடுத்த அன்று பத்தரைக்குத் தேய்த்தது மட்டும் இன்றில் விழுந்தது. அதனால்தான் முந்தைய நாள் காலி, அந்த நாளில் இரண்டு.

அவள் காரை ஓரம் கட்டினாள்.

“மாமா, உங்க உலகத்துல பொழுதே எட்டு மணிக்குத்தான் விடியுமா?”

பின்னால் யாரோ ஹாரன் அடித்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு இன்னொரு தடவை கிடையாது மாமா.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் என் மனைவி மோவாயில் கை வைத்துக்கொண்டாள். நாற்பது வருஷமாக இந்த மனுஷனோடு எந்தத் தேதியில் குடும்பம் நடத்தினேன் என்றே தெரியவில்லையே என்றாள். மகன் மட்டும், அப்பா தப்பா எழுதலை, சரியா எழுதியிருக்கார், வேற ஒண்ணுக்கு என்றான். ஆறுதல் போலத்தான் சொன்னான்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு அந்த நர்ஸின் மேஜை முன் நின்றேன். கையில் நான்கு வருடமாக வீட்டில் எழுதிவந்த மழைக் குறிப்பேடு. மருமகள் காலை வகுப்புகளைத் தள்ளிவைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள். நேற்று உரக்கப் பேசியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு விதியைச் சொன்னேன். நர்ஸ் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, இதை நேற்று இரவு யோசித்துச் சொல்கிறீர்களா என்று எனக்கு எப்படித் தெரியும் என்றாள். நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

அவள் சற்று யோசித்தாள். பிறகு என் குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அதை மூடிவைத்தபடியே கேட்டாள்.

“மார்ச் மாசம் ஒரு நாள் விடியக்காலைல மழை அடிச்சு ஊத்திச்சு. இங்க கீழ்த்தளம் முழுக்கத் தண்ணி. ஞாபகம் இருக்கா?”

நாற்பத்தோரு மில்லிமீட்டர் என்றேன். தேதி என்ன என்றாள். இருபத்தாறு என்றேன். அவள் எழுந்து அலமாரியிலிருந்து ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பதிவேட்டை எடுத்துவந்தாள். அதில் 27-03-2013, காலை ஐந்தரை மணி, கீழ்த்தளத்தில் நீர் புகுந்தது என்று இருந்தது. பிறகு என் குறிப்பேட்டைத் திறந்தாள். இருபத்தாறாம் தேதிக்கு நேரே 41. இருபத்தேழுக்கு நேரே ஒரு பூஜ்யம். நான்கு வருடமாக அதே மையில், அதே கையில், எல்லா விடியற்கால மழையும் முந்தைய நாளில் இருந்தது. அவள் இன்னும் பத்துப் பக்கம் புரட்டினாள். சந்தேகத்தினால் அல்ல, பதிவேடு பிடித்துப்போய்ப் புரட்டினாள் என்று நினைக்கிறேன்.

“இதை எழுதிக் கொடுங்க. அவங்களும் தனியா எழுதிக் கையெழுத்துப் போடணும்.”

நான் இரண்டு பக்கம் எழுதினேன். மழைமானியின் வாய் விட்டம் வரை சொல்லியிருந்தேன். நர்ஸ் பென்சிலால் அடித்து அடித்து ஆறு வரியாக்கினாள். மருமகள் ஒரு வரி எழுதினாள். தினமும் காலையில் தேய்த்தேன், என் மாமனார் மழைக்காரர்.

தலைமை அலுவலகத்தின் கடிதம் 20-05-2013 அன்று வந்தது. தேதிகளை ஒரு நாள் தள்ளிப் படித்துக்கொள்வதாகவும், அவள் ஆய்வில் தொடரலாம் என்றும் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டில் யாரும் தாடையைப் பற்றிப் பேசவில்லை. அவள் வகுப்புகளுக்குப் போனாள், வந்தாள், மகன் சண்டைக்கு இழுத்தால்கூடச் சண்டை போடவில்லை. கடிதத்தைப் படித்த அன்று சாயங்காலம் அவனை ஒரு பிடி பிடித்தாள். அடுத்த அறையிலிருந்து கேட்ட எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

பச்சை டைரிக்குப் பிறகு ஊசிகளுக்கு ஒரு நீல டைரி. அதை என் கையில் கொடுக்கவில்லை. கடிதம் வந்த மறுநாள் மாதவிலக்கு வந்ததும் அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள், அவளே எழுதினாள். பதினோரு நாளும் ஒரு எழுத்து விடவில்லை. கோணல்மாணலாக இருந்தாலும் எல்லாம் இருந்தது.

ஜூன் மூன்றாம் தேதி முட்டை எடுத்தார்கள். மயக்கம் தெளியும்போது எத்தனை என்று கேட்டாள். நான்கு என்றாள் நர்ஸ். மறுபடி கேட்டாள். நான்கு விரலைக் காட்டினாளாம். அதில் இரண்டு கருவாயின. ஒன்று மூன்றாம் நாளே நின்றுவிட்டது. மற்றதை வைத்தார்கள். இரண்டு வாரம் அவள் கார் பிரேக்கைத் தொடும் விதமே மாறியிருந்தது, முட்டையின் மேல் வைப்பது போல என்றார்கள் மாணவர்கள். இருபதாம் தேதி ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தபோது அவள் பாடத்தில் இருந்தாள். காரை நிறுத்தச் சொல்லி, பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரரிடம் விஷயத்தைச் சொல்லி அழுதிருக்கிறாள். எங்களுக்கெல்லாம் முன்னால் தெரிந்தது அவருக்குத்தான்.

பேத்தி பிறந்தாள். இரண்டு கிலோ எழுநூறு. மூக்கு என் மகனுடையது, தொண்டை தாயுடையது. வீட்டில் எல்லோரும் ஜெல்லுக்கு நன்றி சொன்னார்கள். என் மனைவி, நல்ல மருந்து, கொஞ்சம் கோபம் வரும், அவ்வளவுதான் என்று அக்கம்பக்கத்தில் சிபாரிசே செய்துகொண்டிருந்தாள். மருமகள் அதிகம் பேசவில்லை. ஒரு தடவை மட்டும், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, மருந்து இல்லாவிட்டால் இவள் வந்திருக்கமாட்டாள், என்னால் தனியாக முடியாதில்லையா மாமா என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. ஆய்வு முடிந்தது, பங்கெடுத்ததற்கு நன்றி, தாங்கள் இருந்தது இரண்டாம் பிரிவு, தங்களுக்கு வழங்கப்பட்டது மருந்து சேராத வெறும் ஜெல். குழந்தை இடுப்பில் இருக்க, கூடத்தின் நடுவில் நின்று அவள் சத்தமாகப் படித்தாள். என் மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மகன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“அப்போ அந்தக் கோபமெல்லாம்?”

“சொந்தச் சரக்கு.”

அவன் மெல்லப் பல் கூடத்துக்குக் கிளம்பினான். அவள் கடிதத்தை இன்னொரு தடவை, இப்போது வாய்க்குள்ளேயே, படித்தாள். டாக்டருக்கு நான் போன் செய்தேன். அவர், ஒருத்தருடைய முடிவை வைத்து மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லக் கூடாது, நாலு வருவதும் ஒன்று வருவதும் மாதத்துக்கு மாதம் மாறும், எல்லோருடைய கணக்கும் சேர்ந்த பிறகு அறிக்கை வரும் என்றார். அதையும் அவளிடம் அப்படியே சொன்னேன். ஒரே நாள் மழையை வைத்து வருடத்தைச் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரிந்ததுதான். அவள் தலையை ஆட்டினாள். கேட்டதாகத் தெரியவில்லை.

“அந்த நாலும் என்னோடதுதான் மாமா” என்றாள். “வேற எதுவும் சேராதது.”

பிறகு கடிதத்தை என்னிடம் நீட்டி, வந்த தேதியை நீங்களே எழுதுங்கள் என்றாள். எழுதினேன்: 18-11-2015.